பித்தளைத் துளை

குருமண்வெளித் துறையில் பாதைப் படகு வந்து ஒட்டியதும், அதுவரை அணைந்து கிடந்த மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக உயிர்பெறும். மண்டூரிலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்து வரும் அந்தச் சில நிமிடப் பயணம் முடிந்ததும் எல்லோருக்கும் அவசரம். அன்று என் வண்டி மட்டும் மறுத்தது. தகப்பனார் விட்டுச்சென்ற பழைய எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரர்கள் ஓட்டிய வகை. அங்கே உழைத்து முடித்து, பிறகு இலங்கைக்கு வந்து இன்னொரு முழு வாழ்க்கை வாழ்ந்த இனம். சோக்கை இழுத்து உதைத்தால் பிடித்தது. சோக்கைத் தள்ளியதும் செத்தது. அக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் ஓடியது. கையை விட்டதும் மறுபடி செத்தது.

களுவாஞ்சிகுடிப் பக்கம் இருந்த ஒரு சிறிய கராஜ் வரை உருட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த அண்ணன் வண்டியைத் தொடக்கூட இல்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டே தீர்ப்புச் சொன்னார். "தம்பி, பெற்றோல் வருகுது. ஆனா இஞ்சின் குடிக்குதில்ல. ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கு."

அரை மணி நேரத்தில் காபரேட்டர் கழன்று, ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் உறுப்புகளாகக் கிடந்தது. அவர் அதிலிருந்து திருகாணி போன்ற ஒரு பித்தளைத் துண்டை எடுத்தார். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளம். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு என்னிடம் தந்தார். நானும் பார்த்தேன். உள்ளே இருட்டு. நல்ல ஜெட் ஒன்றை அருகில் வைத்துக் காட்டினார். அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. வண்டி செத்ததும் பிழைத்ததும் அந்தப் புள்ளியால்தான். அன்றிலிருந்து இந்தப் பொருளைப் பற்றி நான் தேடிப் படித்ததையும், கராஜ் வாங்கில் உட்கார்ந்து கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

பெற்றோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. எரிவது அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் எஞ்சினுக்குள் ஒழுங்காக எரியும். ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எடையில் சொன்னால் இது சின்னக் கணக்காகத் தெரியும். கொள்ளளவில் சொல்லிப் பாருங்கள்: ஒரு லீற்றர் பெற்றோலை எரிக்க ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று தேவை. நாம் வாங்கி ஊற்றும் ஒவ்வொரு போத்தல் பெற்றோலுக்கும் ஒரு சிறிய அறை நிறையக் காற்றை வண்டி வழியிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்கிறது.

இனி ஒரு மூச்சின் கணக்கு. 90 சிசி எஞ்சின் முழு மூச்சு எடுத்தால் உள்ளே போகும் காற்றின் எடை சுமார் 0.1 கிராம். அதற்கு வேண்டிய பெற்றோல் ஒரு மில்லிலீற்றரில் நூறில் ஒரு பங்கு. மருந்துக் கணக்கில் 20 துளி ஒரு மில்லிலீற்றர் என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு துளியில் ஐந்தில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் எஞ்சின் வினாடிக்கு 50 மூச்சு எடுக்கிறது. துளியில் ஐந்தில் ஒரு பங்கை வினாடிக்கு 50 தடவை அளந்து கொடுக்க வேண்டும். முறுக்கைத் தளர்த்தினால் அளவைக் குறைக்க வேண்டும். ஏற்றத்தில் கூட்ட வேண்டும். மின்சாரம் இல்லை, கணினி இல்லை, உணர்கருவி இல்லை. கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் உலோக வார்ப்பும், அதற்குள் சில துளைகளும், ஒரு மிதவையும், ஓர் ஊசியும். இவ்வளவுதான் காபரேட்டர்.

இது எப்படி முடிகிறது என்பதைக் கல்லடிப் பாலத்தில் நின்று பார்க்கலாம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவி அகன்ற இடங்களில் அசையாததுபோல் இருக்கும். மாரி வெள்ளம் இறங்கும் நாட்களில் ஒடுங்கிய இடத்துக்கு வந்து பாருங்கள். தூண்களைச் சுற்றித் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். அகலத்தில் மெதுவாக வந்த அதே தண்ணீர் ஒடுக்கத்தில் விரைந்துதான் ஆக வேண்டும்; பின்னால் வருவது நிற்காதல்லவா. காற்றும் இப்படித்தான். காபரேட்டரின் நடுவே இடுப்பு ஒடுங்கிய ஒரு குழாய் இருக்கிறது. எஞ்சின் மூச்சு இழுக்கும்போது காற்று அந்த இடுப்பில் வேகமெடுக்கிறது.

விரைந்து ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று டேனியல் பெர்னூலி 1738இல் எழுதினார். ஒடுங்கிய குழாயில் இது எப்படி நடக்கிறது என்பதை இத்தாலியரான வெந்தூரி 1797இல் ஆராய்ந்து வெளியிட்டார். அவர் பெயரால்தான் அந்த இடுப்பை இன்றும் வெஞ்சூரி என்கிறோம். சிறிய எஞ்சினிலும் அங்கே காற்று வினாடிக்கு 60 மீற்றர் வேகத்தை எளிதாகத் தொடும். மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மட்டக்களப்புப் பெரியவர்களுக்கு அந்த வேகம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு கட்டைவிரல் பருமனான குழாய்க்குள் அந்தக் காற்று அடிக்கிறது.

அவ்வளவு வேகத்திலும் அழுத்தம் குறைவது வெறும் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் அது போதும். கீழே கிண்ணத்தில் இருக்கும் பெற்றோலின் மேல் வெளிக்காற்று முழு அழுத்தத்தோடு அமர்ந்திருக்கிறது. மேலே இடுப்பில் அழுத்தம் சற்றுக் குறைவு. அந்தச் சிறிய வேறுபாடு பெற்றோலை ஒரு சாணுக்கு மேல் உயர்த்த வல்லது. உயர்த்த வேண்டியதோ ஓரிரு சென்றிமீற்றர். எஞ்சின் பெற்றோலை உறிஞ்சுகிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் கீழேயிருந்து அதைத் தள்ளி ஏற்றுவது நம்மைச் சூழ்ந்திருக்கும் வளிமண்டலம். மேலே வந்ததும் அந்தப் புயற்காற்று பெற்றோலைப் பிய்த்துத் தூவலாக்குகிறது. தூவல் ஆவியாகும்போது சுற்றியிருப்பதன் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். எல்லாம் ஆவியானால் உள்ளே போகும் காற்று 20 பாகைக்கு மேல் குளிர்ந்துவிடும். மழைக்கால ஈரக் காற்றில் கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்திய வண்டியின் காபரேட்டரைத் தொட்டுப் பாருங்கள். அருகே எஞ்சின் கொதிக்கும். இது மட்டும் மண்பானை போல வியர்த்திருக்கும்.

ஓடும்போது நடக்கும் கதை இது. என் வண்டி செத்தது கையை விட்டபோது. அப்போது, அக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடு கீழே இறங்கிக் காற்று வழியைக் கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. பெற்றோல் ஏறி வரும் நடுத்துளைக்கு மேலே காற்று ஊர்கிறது. ஊரும் காற்றால் பெற்றோலை எழுப்ப முடியாது. ஆனால் ஸ்லைடுக்குப் பின்னால், எஞ்சின் பக்கத்தில், வெற்றிடம் வலுவாக இருக்கிறது. அங்கே ஒரு தனித் துளை. அதற்கு ஒரு தனி வழி. அந்த வழியின் காவல்தான் ஸ்லோ ஜெட். சோக்கைப் போட்டால் காற்று வழி முன்னாலேயே அடைபட்டு, வெற்றிடம் குழாய் முழுதும் பரவி, மற்ற வழிகளாலும் பெற்றோல் ஏறும். அதனால்தான் சோக்கில் மட்டும் ஓடியது. களுவாஞ்சிகுடி அண்ணன் வண்டியைத் தொடாமல் சொன்னதில் மாயம் இல்லை. எந்தத் துளை எப்போது வேலை செய்யும் என்பது அவருக்கு மனப்பாடம்.

கெய்ஹின் நிறுவனக் காபரேட்டர் ஜெட்டுகளில் பொறித்திருக்கும் எண் பெரும்பாலும் துளையின் விட்டத்தைச் சொல்வது. 75 என்றால் 0.75 மில்லிமீற்றர். இந்த அளவு எஞ்சின்களின் ஸ்லோ ஜெட்டில் 35, 38 போன்ற எண்களைப் பார்க்கலாம். 0.35 மில்லிமீற்றர் என்றால் தலைமயிர் ஐந்தை வரிசையாக வைத்த அகலம். அந்தத் துளையின் சுவரில் மயிரின் பாதிக்கும் குறைவான கனத்தில், 0.03 மில்லிமீற்றருக்கு ஒரு படலம் படிந்துவிட்டது என்று வையுங்கள். துளை 0.29 ஆகிறது. கேட்கச் சிறிய மாற்றம். ஆனால் பாய்வது விட்டத்தின் வழியாக இல்லை, பரப்பின் வழியாக. பரப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் அந்த வழியால் வரும் பெற்றோலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றைத் தடுத்துவிடுகிறது.

அந்தப் படலம் எங்கிருந்து வருகிறது? பெற்றோலுக்குள்ளிருந்துதான். பெற்றோல் என்பது ஒரே பொருள் இல்லை. நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. ஓடாமல் நிற்கும் வண்டியின் கிண்ணத்தில் இலகுவான பகுதி முதலில் ஆவியாகிப் போகும். மிச்சத்தில் சில வகை மூலக்கூறுகள் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பிணைந்து பிசினாகும். முதலில் தேன் நிறத்தில் ஒட்டும். பிறகு வார்னிஷ் போல இறுகும். வெப்பம் கூடினால் இது விரைவாக நடக்கும், நம் ஊரில் வெப்பத்துக்குக் குறைவில்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இல்லாமல் வண்டிகள் விறாந்தைகளில் நின்ற காலம். யூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அதற்கு முன் கிண்ணத்தில் நின்று காய்ந்ததெல்லாம் ஜெட்டுகளில்தான் போய்ப் படிந்தது.

வாவிக்கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. அதுவும் இரசாயனம்தான். பாதி நிறைந்த தாங்கியின் மீதிப் பாதியில் ஈரக் காற்று. பகலில் விரியும், இரவில் சுருங்கும், ஒவ்வொரு இரவும் உள்ளே கொஞ்சம் ஈரம் தண்ணீராகப் படியும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனம். ஆகவே அது நேரே கிண்ணத்தின் அடிக்கு இறங்கும். ஓடும்போது பெற்றோலை அளக்கும் மெயின் ஜெட் இருப்பதும் அங்கேதான். காபரேட்டரின் உடல் பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு. ஜெட் பித்தளை, அதாவது செப்புக் கலவை. துத்தநாகம், செப்பு, நடுவில் உப்புத் தண்ணீர். 1800இல் வோல்ட்டா உலகின் முதல் மின்கலத்தை அடுக்கியது இதே குடும்பத்துப் பொருட்களால். கடற்காற்றின் உப்பு கலந்த சில துளித் தண்ணீர் போதும், உங்கள் காபரேட்டரின் அடியில் ஒரு சின்ன மின்கலம் வேலை செய்யத் தொடங்கிவிடும். அதில் கரைவது துத்தநாகம். அதனால்தான் கடல் நீரில் மூழ்கிய வண்டியின் கிண்ணத்தைத் திறந்தால் ஜெட் ஓரளவு பிழைத்திருக்க, உடல் மட்டும் அரிசிமாப் பூத்ததுபோல வெள்ளையாகப் பொரிந்திருக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட கரை இது. உப்பு நீர் புகுந்த காபரேட்டரை ஒரு நாள்கூடக் காயப் போடாமல் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, பெற்றோலில் அலச வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் அந்த மின்கலத்துக்கு உணவு.

மிதவையைப் பற்றி எனக்குத் தனி வியப்பு உண்டு. கிண்ணத்தில் பெற்றோல் மட்டம் மில்லிமீற்றர் பிசகாமல் நிற்க வேண்டும். கூடினால் கலவை தடித்துப் பிளக் கறுக்கும். குறைந்தால் வண்டி ஏற்றத்தில் திணறும். நம் வாவிக்கும் மட்டப் பிரச்சினை உண்டு. மாரியில் தண்ணீர் ஏறி வயல்களும் குடியிருப்புகளும் மூழ்கத் தொடங்கினால், முகத்துவாரத்தில் மணல் திட்டை வெட்டிக் கடலுக்கு வழி விடுகிறார்கள். எப்போது வெட்டுவது என்று கூட்டம் கூடி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. காபரேட்டரில் அந்த முடிவை மிதவை எடுக்கிறது. மட்டம் ஏறினால் மிதவை ஏறி ஊசியைத் துளைக்குள் தள்ளி மூடும், இறங்கினால் திறக்கும். ஓடும் நேரம் முழுதும் ஓயாமல் இந்த வேலை. வில்ஹெல்ம் மைபாக் 1893இல் இந்த மிதவையையும் தூவல் துளையையும் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஹங்கேரியில் பாங்கியும் சொங்காவும் இதே போன்ற வழியைக் கண்டார்கள். 130 ஆண்டுகள் கடந்தும் அடிப்படை மாறவில்லை.

மட்டத்தைச் சரிபார்க்க அந்த அண்ணன் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. கிண்ணத்தின் அடியிலுள்ள ட்ரெயின் என்ற வடிதுளையில் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு டியூப்பைச் செருகி, மறுமுனையைக் கிண்ணத்தின் பக்கமாக மேல்நோக்கிப் பிடித்து, ட்ரெயின் ஸ்குரூவைத் தளர்த்தினார். டியூப்பில் பெற்றோல் ஏறி ஓர் இடத்தில் நின்றது. உள்ளே எந்த மட்டமோ டியூப்பிலும் அதே மட்டம். வீடு கட்டும்போது மேசன்மார் சுவருக்குச் சுவர் தண்ணீர் டியூப் பிடிப்பார்களே, அதே விதி. திறக்காமலே உள்ளே பார்த்துவிட்டார்.

காபரேட்டரைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது அதைக் கெடுப்பது எளிது. கிட் வாங்கி மாற்றினால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கிட்டில் வரும் ரப்பர் வளையங்களும் வொஷர்களும் மாற்ற வேண்டியவைதான்; ரப்பர் காலத்தால் இறுகும், காற்றுக் கசியும். ஆனால் அதில் வரும் ஜெட்டுகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். எண் பொறித்திருக்கும், துளை அந்த அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் மலிவான கிட்டுகளுக்கு இல்லை. தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்த பித்தளை ஜெட் தேயாமல் இருந்தால் அதைச் சுத்தம் செய்து மறுபடி போடுவதே நல்லது.

சுத்தம் செய்வதிலும் கவனம் வேண்டும். பிரேக் கேபிளில் ஓர் இழை பிடுங்கி ஜெட்டைக் குத்துவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். உருக்கு இழை பித்தளையைச் சீவிவிடும். 0.38 துளை 0.42 ஆனால் போதும், பரப்பு நூற்றுக்கு இருபதுக்கு மேல் கூடிவிட்டது. அன்று வண்டி உடனே ஓடும். உரிமையாளர் மகிழ்ச்சியோடு போவார். பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த வண்டி தேவைக்கு மேல் குடித்துக்கொண்டே இருக்கும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்து ஊதுவதே முறை. மிகவும் அடம்பிடித்தால் மின்வயரிலிருந்து எடுத்த ஒரே ஒரு மெல்லிய செப்பு இழை. அது பித்தளையைவிட மென்மையானது. ஊறவைக்கும் முன் ரப்பர் உள்ள எதையும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

நன்றாகச் சுத்தம் செய்தும் குடிப்பது குறையாத வண்டிகள் உண்டு. அங்கே ஸ்லைடில் தொங்கும் ஊசியைப் பார்க்க வேண்டும். அது மேலே தடித்துக் கீழே கூம்பும். ஸ்லைடு உயர உயர ஊசியின் மெல்லிய பகுதி துளைக்குள் வர, சுற்றிலும் இடைவெளி கூடி, பெற்றோல் கூடும். பத்துப் பதினைந்து ஆண்டு அதிர்வில் ஊசி ஒரே பக்கமாக உரசி, வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும். எந்தத் திரவமும் அதை மீட்காது. ஊசியையும் அது நுழையும் குழலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கடைசியில், காற்றின் அளவைத் திருத்தும் காற்று ஸ்குரூ. அதைக் கழற்றும் முன் உள்ளே முட்டும்வரை மெதுவாகத் திருகி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். அதுதான் திரும்பி வரும் வழி. எஞ்சின் சூடான பிறகு, அதை மெல்லத் திருப்பிக்கொண்டே சத்தம் எங்கே உச்சத்தில் சீராகிறது என்று கேட்டு நிறுத்துவார்கள். அண்ணன் அப்போது தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார். கல்லடியில் தோணியின் துடுப்பை நீருக்குள் வைத்து, மறுமுனையைக் காதில் சேர்த்து, வாவியின் பாடும் மீனைக் கேட்பவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும்.

போர்க்காலத்தில் இந்தக் கருவியிடம் நம் மக்கள் வாங்கிய வேலை எந்தப் பாடநூலிலும் இல்லை. 1990களில் எரிபொருள் தடையின்போது வடக்கில் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் கொதிக்கச் சுமார் 150 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. அதனால் சில துளி பெற்றோலைப் பொத்திப் பாதுகாத்து, அதைக் காபரேட்டரில் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் தொடர்ந்தது. புகையும் நாற்றமும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சில துளிகளுக்குப் பின்னால் இருந்தது, கொதிநிலை வேறுபாட்டைத் தேவையால் கற்றுக்கொண்ட ஒரு சமூகத்தின் அறிவு. அதே முறையில் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் படகு எஞ்சின்கள் இன்றும் நம் கடற்கரைகளில் ஓடுகின்றன.

நம் வண்டிகளில் பெரும்பகுதி வரும் இந்தியாவில் 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தது. அதோடு பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளிலிருந்து காபரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் ஊசித்தெளிப்பு வந்தது. புகை குறைந்தது, அது வரவேற்க வேண்டிய மாற்றம். அதே ஆண்டு மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 தொடக்கத்தில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் ஆட்களைச் சுமந்தது பழைய வண்டிகள்தான். அவற்றை ஓடவைத்தது ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தெரிந்த கைகள். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. உங்கள் வீட்டில் தொழில் பழகும் வயதில் பிள்ளை இருந்தால், புதிய வண்டிகளின் கணினி முறையோடு இதையும் கற்க அனுப்புங்கள்.

உங்கள் விறாந்தையிலும் ஒரு பழைய வண்டி நிற்கலாம். மாரி தொடங்கிச் சில வாரம் எடுக்க மாட்டீர்கள் என்றால் பெற்றோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சினை அது தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிறகு கிண்ணத்தின் அடியிலுள்ள ட்ரெயின் ஸ்குரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் இறக்கிவிடுங்கள். கொஞ்சம் பெற்றோலோடு இரண்டு துளித் தண்ணீரும் வரும். ஐந்து நிமிட வேலை. தை பிறந்து வெயில் வந்ததும் வண்டி முதல் உதையிலேயே பிடிக்கும்.